லேடீஸ்க்கு அப்படித்தான் இருக்கும்

போன மாதம் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். கண் விழித்ததிலிருந்து மறுநாள் காலை வரை வாந்தி. வலிக்கு டிரமடால் ஊசி போட்டிருந்தார்கள். மூன்று வருடம் முன்பு ஹெர்னியாவுக்கு இதே ஊசி போட்டுக்கொண்ட என் வீட்டுக்காரர், அன்று ராத்திரியே இட்லி கேட்டவர். ரவுண்ட்ஸ் வந்த டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "லேடீஸ்க்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. 1999-இல் கிறிஸ்டியன் அப்ஃபெல் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவர் குழுவும் நான்கே கேள்விகள் வைத்தார்கள். பெண்ணா? சிகரெட் பழக்கம் இல்லாதவரா? பயணத்தில் வாந்தி வருமா, அல்லது முன்பு ஆபரேஷனுக்குப் பிறகு வந்ததுண்டா? இந்த முறை ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து கொடுக்கப்போகிறார்களா? நான்குக்கும் ஆமாம் என்றால், பத்தில் எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. கொடைக்கானல் பஸ்ஸில் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிறவள் நான். எனக்குப் போட்ட டிரமடாலும் ஓபியாய்டுதான். நாலுக்கு நாலு. (வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பவர். அது அவரைக் காப்பாற்றிய ஒரே இடம் இதுதான், அவரிடம் சொல்லப்போவதில்லை.)

சரி, லேடீஸ்க்கு அப்படித்தான் என்று தெரியுமென்றால் வாந்தி மருந்தை முன்னாலேயே சேர்த்துக் கொடுத்திருக்கலாமே?

வாந்தி மட்டுமில்லை, வலி குறைவதே ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் லெவின் குழு, கடைவாய் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு நால்பஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நம் ஊரில் ஃபோர்ட்வின் என்று போடுகிற பென்டசோசினும் இதே வகையறாதான். 1996-இல் வந்த முடிவு: ஆண்களைவிடப் பெண்களுக்கு நல்ல நிவாரணம். 1999-இல் இன்னும் விசித்திரம். 5 மில்லிகிராம் நால்பஃபின் போட்ட ஆண்களுக்கு, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட வலி கூடியிருந்தது. வலிக்குப் போட்ட மருந்து வலியைக் கூட்டியிருக்கிறது!

மார்ஃபினுக்கு வந்தால் கதை குழம்புகிறது. பெண் எலிகளுக்கு வீக்க வலி அடங்க, ஆண் எலிகளைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மருந்து தேவைப்பட்டது. நெதர்லாந்தின் லைடனில் மனிதர்களிடம் 2000-இல் பார்த்தபோது தலைகீழ்: பெண்களுக்கு மார்ஃபின் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, வலுவாகவே வேலை செய்தது. அதனால் "பெண்களுக்குப் பாதி டோஸ் போதும்" என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துக்கு மருந்து பார்க்க வேண்டும் என்கிறேன். பார்க்கத் தொடங்கியதே தாமதம்தான். பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் சொன்ன அமெரிக்க மருந்து நிர்வாகம், அதை விலக்கிக்கொண்டது 1993-இல்.

இதில் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜன் கூடியிருக்கும்போது மூளையின் சொந்த ஓபியாய்டு அமைப்பு இன்னும் சுறுசுறுப்பாக இயங்குவதை மிச்சிகனில் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மாதத்தில் எந்த நாள் என்பது வலி விஷயத்திலும் கணக்குதான்.

அட்மிஷன் அன்று நர்ஸ் முதலில் கேட்டதே "கடைசி பீரியட்ஸ் எப்போம்மா?" என்றுதான். சொன்னேன், எழுதிக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஃபைலிலும் அந்தத் தேதி இருக்கிறது. நான் கர்ப்பமில்லை என்று தெரிந்ததோடு அதன் வேலை முடிந்துபோயிருந்தது.