அண்ணாவின் பதில்கள் அழியக் கூடாது

கண்ணாடி தேய்த்துச் சொந்தமாகத் தொலைநோக்கி செய்யும் நம் இணையக் குழுவில் அனைவரும் ‘அண்ணா’ என்று அழைத்த பெரியவர் மறைந்த செய்தி வந்ததிலிருந்து அஞ்சலிக் குறிப்புகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. முகம் பாராத ஒருவருக்காக இவ்வளவு வருந்துவதா என்று கேட்பவர்களுக்கு, அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதையே பதிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைநோக்கியின் குழியாடியைக் கையாலேயே தேய்த்து, பிட்ச் என்னும் பிசின் போன்ற பொருளைத் தடவிய வட்டில் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத்தூளை இட்டு மெருகேற்றுகிறோம். அதன் பரப்பு ஒளியலையின் எட்டில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 70 நானோமீட்டருக்கு மேல் பிசகினால் கோள்களின் உருவம் தெளிவாகத் தெரியாது. அந்தப் பிசகைக் கண்டுபிடிக்க, 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ காட்டிய வழியில் ஓர் ஒளிப்புள்ளியும் ஒரு சவர பிளேடும் போதும்; ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளியை பிளேடின் விளிம்பால் மறைத்தால், பிசகுகள் ஆடியின் மேல் நிழலாகத் தெரியும். ஆனால் முதன்முறை அந்த நிழலைப் பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. மங்கலான ஒரு படத்தை எடுத்துப் போட்டு, “எல்லாம் வீணாகிவிட்டதா?” என்று நள்ளிரவில் கேட்பார்கள். அண்ணா முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “மெருகேற்றிய பிறகு கண்ணாடியை எவ்வளவு நேரம் ஆறவிட்டீர்கள்?” சூடு தணியாத கண்ணாடி பொய் சொல்லும் என்பது அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரியும், அதைப் புதியவர் மனம் நோகாமல் கேட்க அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அடுத்ததாக, ஆடியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒளிக்கோடு இருபுறமும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வார். ஒருபுறம் மட்டும் தெரிந்தால் ஓரம் சரிந்திருக்கிறது என்று பொருள். பிட்ச் மிகவும் இளகியிருந்ததா, தேய்க்கும் வீச்சு நீளமாகப் போனதா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, அந்த மனிதர் மறுபடி கண்ணாடியைக் கையில் எடுக்கும்வரை விடமாட்டார். ஒரே கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும், பழைய பதிலைத் தேடிப் பார்க்கச் சொல்லி அவர் யாரையும் அனுப்பியதில்லை.

அஞ்சலி எழுதுவது தேவைதான். ஆயினும் அத்துடன் நிறுத்திக்கொண்டால் அவருக்கு நாம் செய்தது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். எளிய தொலைநோக்கிகளைப் பலரிடமும் பரப்பிய ஜான் டாப்சன் 2014இல் மறைந்தார்; தொலைநோக்கியைத் தாங்கும் தம் எளிய மரத் தாங்கிக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை, அதனால் இன்றும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அண்ணா விட்டுச்சென்றது அப்படி ஒரு பொருள் அல்ல. ஆயிரம் உரையாடல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பதில்கள். இணையத்தில் இருப்பதெல்லாம் என்றும் இருக்கும் என்று நம்ப முடியாது. யாரும் இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் 2009இல் மூடப்பட்டபோது, பொழுதுபோக்கு ஆர்வலர்கள் பாடுபட்டு உருவாக்கிய எண்ணற்ற பக்கங்கள் போயின. ஓரளவு மீட்க முடிந்ததும் தன்னார்வலர்கள் முன்கூட்டியே படியெடுத்து வைத்ததால்தான். முகநூலில் இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவரை முன்பே நியமிக்கவும் 2015 முதல் வழி உண்டு. ஆனால் மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழே அவர் எழுதியவற்றைத் திரட்டித் தரும் வேலையை எந்தக் கணக்கும் செய்யாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே, அவர் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்று, அந்தப் பதில்களைத் தொகுக்கலாம் என்று முன்மொழிகிறேன். கேள்வியையும், அதனுடன் வந்த நிழற்படத்தையும் விட்டுவிட்டுப் பதிலை மட்டும் வெட்டி எடுத்தால் பயனில்லை. எந்த நிழலைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார் என்பதே பாடம். தனிச்செய்தியில் அவர் எழுதியவற்றில் சொந்த விஷயங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள். சரிந்த ஓரத்தைப் பற்றியவற்றை நான் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டேன். பிட்ச் வட்டு வார்ப்பதைப் பற்றி அவர் விளக்கியவை உங்களில் யாரிடமாவது முழுமையாக இருந்தால், அவற்றை முதலில் அனுப்பிவையுங்கள்.