38,000 கிலோமீட்டர்னு யாரை நம்ப வைக்கிறீங்க?

"2013 மாடல், சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டாக்டர் வீட்டு வண்டி." பழைய கார் விக்கிற எந்த யார்டுக்குப் போனாலும் இந்தப் பாட்டுதான். கணக்குப் போட்டுப் பாருங்க. 12 வருஷத்துல 38,000-னா ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. அப்படி ஒண்ணு ரெண்டு வண்டி இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா வரிசையா நிக்கிற அத்தனை ஆல்டோவும் ஐ10-னும் ஸ்விஃப்ட்டும் 40,000-க்குள்ளயே எப்படிய்யா நிக்கும்? வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். அந்தக் கணக்குல பார்த்தா மீட்டர்ல லட்சத்துக்கு மேல இருக்கணும்.

மீட்டரைக் குறைக்கிறது இன்னிக்கு அரை மணி நேர வேலை. கிலோமீட்டர் எண்ணிக்கை டேஷ்போர்டு மீட்டருக்குள்ள இருக்கிற ஒரு சின்ன மெமரி சிப்லதான் பதிவாகுது. கருவியைச் செருகி எந்த எண்ணை வேணும்னாலும் எழுதிடலாம். இதைவிட ஆத்திரம் என்னன்னா, பேர் மாத்தறதுக்குக் குடுக்கிற படிவம் 29, படிவம் 30 ரெண்டுலயும் ஓடோமீட்டருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. கை மாறும்போது வண்டி எவ்வளவு ஓடியிருந்ததுன்னு அரசாங்கமே கேக்காதப்போ, பொய் சொல்றவனுக்கு என்ன பயம்?

விலையில 50,000 கூட வெச்சு ஏமாத்தறதோட இது முடிஞ்சா பரவாயில்லை. ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ, ஐ10 1.1 இன்ஜின்ல எல்லாம் டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற பெல்ட். அதைக் கிலோமீட்டர் கணக்கு வெச்சுத்தான் மாத்தணும். மீட்டர்ல 38,000-ஐப் பார்த்துட்டு "இன்னும் நாள் இருக்கு"ன்னு குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போறவர், உண்மையில 1,10,000 ஓடின பெல்ட்டை நம்பித்தான் போறார். அறுந்தா நடு ஹைவேல நிக்கணும், வால்வ் வளைஞ்சா இன்ஜின் ஹெட்டையே கழட்டணும். கியர் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக் எல்லாத்துக்கும் இதே கதிதான். இதை யாவாரத் தந்திரம்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியலை. இது மோசடி.

அதனால மீட்டரைப் பார்க்காதீங்க, வண்டியைப் பாருங்க. முதல்ல கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்க. ஒவ்வொரு தடவை வண்டியை விட்டப்பவும் ஜாப் கார்டுல கிலோமீட்டர் ஏறியிருக்கும். ஓனர் கேட்டா சர்வீஸ் சென்டர்ல எடுத்துக் குடுப்பாங்க. 2018-ல 71,000-னு இருந்த வண்டி 2025-ல 38,000-னு வந்து நின்னா அதோட கதை முடிஞ்சது. "வெளியிலதான் சர்வீஸ் பண்ணோம், பில் இல்லை"ன்னு சொன்னா, மீட்டர்ல இருக்கிற எண்ணுக்கு ஒரு ரூபாகூட மதிப்புப் போடாதீங்க. அடுத்தது பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர். 38,000 ஓடின வண்டியில ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்கக் கூடாது, புத்தம் புதுசா மாத்தியிருக்கவும் கூடாது. ஸ்டீயரிங் கவரையும் சீட் கவரையும் விலக்கிப் பாருங்க. டிரைவர் சீட் கதவுப் பக்கம் அமுங்கியிருந்தா வண்டி நிறைய ஓடியிருக்கு. டயர் பக்கவாட்டுல டிஓடி (DOT)-னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில நாலு இலக்கம் இருக்கும், 1822-னா 2022-ம் வருஷத்து 18-வது வாரம் தயாரானது. வயசாச்சேன்னு டயரை மாத்தியிருக்கலாம், அது தப்பில்லை. ஆனா டயரும் புதுசு, கிளட்சும் புதுசு, பிரேக் டிஸ்க் ஓரத்துல மட்டும் தேய்மானத்துல வந்த பெரிய வரப்புன்னா மீட்டர் சொல்றது பொய்.

அடுத்த அட்டூழியம், நாம வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வெக்கிறது. "இப்பதான் சார் ஒரு பார்ட்டி ஓட்டிப் பார்த்துட்டுப் போனாங்க"ன்னு சொல்வாங்க. போன உடனே பானெட் மேல கையை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா மறுநாள் காலையில வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின்தான் உண்மையைப் பேசும். வால்வ் சீல் போயிருந்தா முதல் ஸ்டார்ட்லதான் நீலப் புகை தெரியும். பெல்ட்டுக்குப் பதிலா டைமிங் செயின் இருக்கிற இன்ஜின்ல அது தளர்ந்திருந்தா முதல் சில விநாடிதான் கடகடன்னு சத்தம் வரும், ஆயில் ஏறினதும் அடங்கிடும். வண்டி ஓடிட்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்லை. புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை தள்ளினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, இன்ஜின் வேலை காத்துக்கிட்டிருக்கு. மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி இருந்தா கூலன்ட் ஆயிலோட கலக்குதான்னு சந்தேகப்படணும். இன்ஜினையே கழுவிப் பளபளன்னு வெச்சிருந்தா, எந்த ஆயில் கசிவை மறைக்கிறாங்கன்னு நேராக் கேளுங்க.

சாவியை ஆன் பண்ணினதும் செக் இன்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் பண்ணினதும் அணையணும். ஏர்பேக் லைட்டும் ஆன்ல சில விநாடி எரிஞ்சு தானா அணையணும். சாவி போட்டும் எரியவே இல்லைன்னா லைட்டையே பிடுங்கியிருக்காங்க. விபத்துல வெடிச்ச ஏர்பேக்கைத் திரும்பப் போடாம, மேல மூடியை மட்டும் ஒட்டி, லைட்டை மறைச்சு விக்கிறவங்க இருக்காங்க. அந்த சீட்ல உக்காரப் போறவங்களைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்ப்பாங்களா?

பாடிக்கு வருவோம். பானெட்டையும் ஃபெண்டரையும் பிடிச்சிருக்கிற போல்ட்ல பெயின்ட் உரிஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு. பம்பர் மாத்தினது பெரிய விஷயமே இல்லை, நம்ம ஊர் டிராஃபிக்ல அது நடக்கத்தான் செய்யும். பானெட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற உள்தகடான ஏப்ரான்லயும், கதவு ரப்பரை உரிச்சா தெரியற தூண்லயும் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வரிசையா வட்ட வட்டமா இருக்கணும். அங்க பட்டி பூசி மெழுகியிருந்தா விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். வெள்ளத்துல நின்ன வண்டின்னா இன்னும் மோசம். சென்னையில 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் எத்தனை கார் தண்ணியில நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கறை கோடா நிக்கும். ஸ்டெப்னி குழியிலயும் சீட் தண்டவாளத்துலயும் துருவும் வண்டலும் இருக்கும். உள்ள வாசனை ஸ்ப்ரே தூக்கலா அடிச்சிருந்தா கார்ப்பெட்டைத் தூக்காம விடாதீங்க. வயரிங்ல ஏறின ஈரம் ஆறு மாசம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். அப்ப வித்தவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

விலையைக் கேட்டா அதுக்கு மேல எரியுது. 2025 செப்டம்பர் 22-ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதமா இறங்கி, புது வண்டியே மலிவாச்சு. அப்ப பழைய வண்டி மட்டும் ஏன் பழைய ரேட்லயே நிக்கணும்? இதுல "ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி"ன்னு மொத்த விலைக்கும் சேர்த்துப் போடறவங்க வேற. டீலருக்கு வரி அவரோட லாபத்து மேல மட்டும்தான். தனி ஆள்கிட்ட நேரா வாங்கினா ஜிஎஸ்டியே கிடையாது. மலிவா வருதேன்னு ஷெவர்லே பீட், டாட்சன் கோ, ஃபோர்டு ஃபிகோ பக்கம் போறவங்க ஒண்ணை யோசிக்கணும். ஷெவர்லே 2017-லயே இங்க விற்பனையை நிறுத்திடுச்சு, ஃபோர்டு 2021-ல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது, டாட்சன் 2022-ல கடையைக் கட்டிடுச்சு. ஃபிகோ ஓட்ட நல்ல வண்டிதான், மறுக்கலை. ஆனா பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு உங்க மெக்கானிக் சொல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மூணு லட்சத்துக்குள்ளன்னா கே10 இன்ஜின் வேகன் ஆர், இல்லைன்னா 1.2 கப்பா இன்ஜின் ஐ10. ரெண்டுலயும் டைமிங் செயின்தான், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வெப்பார்.

பேப்பர்ல நடக்கிறது கடைசி அநியாயம். "50 சதவீதம் என்சிபி இருக்கு, இன்ஷூரன்ஸ் கம்மியா வரும்"னு சொல்றாங்க. என்சிபிங்கிற நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்காக பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி. அது வித்தவரோடயே போயிடும், வாங்கறவருக்கு ஒரு பைசா வராது. பாலிசியை உங்க பேருக்கு மாத்த 14 நாள்தான். விட்டுட்டு நடுவுல இடிச்சீங்கன்னா உங்க வண்டி சேதத்துக்கு கிளெய்ம் வாங்கறது பெரும்பாடு. கடன் முடிஞ்சும் ஆர்சில பேங்க் பேர் இருந்தா, ஆட்சேபம் இல்லைன்னு பேங்க் குடுக்கிற என்ஓசியும், ஆர்சிலேர்ந்து பேங்க் பேரை நீக்கறதுக்கான கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கைக்கு வராம முழுப் பணத்தைக் குடுக்காதீங்க. கார் விக்கிறவங்களும் கேளுங்க: வெறும் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு "பேர் மாத்தாம ஓப்பன்லயே இருக்கட்டும் சார்"னு புரோக்கர் சொன்னா ஒத்துக்காதீங்க. ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையிலதான்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2023 ஏப்ரல்லேர்ந்து டீலர்கள் ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்கணும், ஓனர் வண்டியை டீலர்கிட்ட ஒப்படைச்சதை படிவம் 29சி-ல ஆன்லைன்ல தெரிவிக்கணும்னு விதியே இருக்கு. அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்க, 29சி பதிவான நகலை வாங்கிட்டு சாவியைக் குடுங்க.