சாமி இல்ல, சரி. சனமும் இல்லையா?

'சாமி இல்லன்னு பேசறவ கோயில்ல கூழ் ஊத்தறா, எல்லாம் வேஷம்'னு ரெண்டு நாளா ஷேர் ஆகிட்டு இருக்கற அந்த போட்டோவுல இருக்கறது நான்தான். ஆமா, அம்மன் கோயில் வாசல்தான், ஆமா, கையில இருக்கறது கூழ் சொம்புதான். நெத்திய ஜூம் பண்ணி குங்குமமா ஸ்டிக்கரான்னு ஆராய்ச்சி பண்ண தோழருக்கு ஸ்பெஷல் நன்றி, ஸ்டிக்கர்தான், பாக்கெட் பத்து ரூபா, பெரம்பூர்ல எல்லா ஃபேன்சி ஸ்டோர்லயும் கெடைக்குது.

எனக்கு சாமி நம்பிக்கை கெடையாது. கூழ் ஊத்தும்போதும் கெடையாது, கருவாட்டு கொழம்பு தொட்டுக்கும்போதும் கெடையாது. நான் சாமிய பாக்க போகல, சனத்த பாக்க போனேன். இத எத்தன தடவ சொன்னாலும் கீழ வந்து 'அப்போ மாறிட்டீங்களாக்கா'ன்னு சிரிக்கற எமோஜி.

வேஷம்னு சொல்றீங்க. யார்கிட்ட வேஷம் போட்டேன்? எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும் நான் கறுப்பு சட்டக்காரர் பொண்ணுன்னு. பூசாரி தட்டு எடுத்துனு வரிசையா வருவாரு, என்கிட்ட வந்ததும் 'பாப்பாக்கு துன்னூறு வேணாம்'னு அவரே சொல்லிட்டு ஒரு வாழப்பழத்த கையில குடுத்துட்டு அடுத்த ஆளுக்கு போயிடுவாரு. அவருக்கு புரிஞ்சது உங்களுக்கு புரியல.

பெரியார படிச்சியான்னு கேக்கறீங்க. படிச்சேன், எங்க வூட்ல வேற புக்கே கெடையாது. 1924ல வைக்கம் போயி, கோயில சுத்தி இருக்கற தெருவுல எல்லாரும் நடக்கணும்னு ஜெயிலுக்கு போனாரே, அவருக்கு அந்த கோயில்ல என்ன வேண்டுதல் பாக்கி இருந்துச்சு? அப்ப அவரு காங்கிரஸ்னு சொல்லுவீங்க, தெரியும். சரி, சாமியே இல்லன்னு ஊர் ஊரா பேசின அப்புறமும் எல்லா சாதிக்காரனும் அர்ச்சகர் ஆகணும்னு கடைசி வரைக்கும் கேட்டாரே? 'அது உரிமைப் போராட்டம், நீ போனது கூழுக்கு'ன்னு வருவீங்க. வாங்க.

திருவல்லிக்கேணி பெரிய மசூதியில ரம்ஜான் மாசம் நோன்பு தெறக்கறவங்களுக்கு சாப்பாடு செஞ்சு கொண்டு வந்து பரிமாறறது மயிலாப்பூர் சூஃபிதார் ட்ரஸ்ட் ஆளுங்க. பிரிவினையில சிந்துவ விட்டு ஓடி வந்த ஒரு மனுஷர் ஆரம்பிச்சது. அவங்களுக்கும் நம்பிக்கை இருக்கு, ஆனா அந்த மசூதியோட நம்பிக்கை இல்ல. பந்தியில யாரும் ஜூம் பண்ணி பாக்கறது இல்ல.

எங்க அப்பா போனப்ப சடங்கு எதுவும் பண்ணல, அவரு சொன்னபடியே. அவரோட தோழர்கள் வந்தாங்க, மைக் செட் போட்டு இரங்கல் கூட்டம், என்னா பேச்சு, நானே அழுதுட்டேன். கூட்டம் முடிஞ்சது, மைக்க கழட்டினாங்க, போயிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா தனியா உக்காந்து செவுத்த பாத்துனு இருந்த நாள்ல எல்லாம் காலையில ஃப்ளாஸ்க்ல காப்பியும் தூக்குல இட்லியும் எடுத்துனு வந்தது யாருன்னு நெனைக்கறீங்க, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம வெளக்கு பூஜையில உக்கார்ற அந்த மூடநம்பிக்கை ஆயாங்கதான். ஒருத்தர் கூட 'சாமி கும்பிட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது'ன்னு சொல்லல. சரி, ஒருத்தர் சொன்னாங்க. அவங்களும் இட்லி கொண்டு வந்தாங்க.

1967ல சுயமரியாதை கல்யாணத்துக்கு சட்டம் வந்துச்சு, எங்க அம்மா அப்பா கல்யாணம் அப்படித்தான், என்னோடதும் அப்படித்தான். ஐயர் இல்லாம மால மாத்திக்கறதுக்கு சட்டம் இருக்கு. பக்கத்து வூட்டுக்காரி வந்து கதவ தட்டறதுக்கு எந்த சட்டத்துல வழி இருக்கு, சொல்லுங்க?

'மாற்று உருவாக்கணும்' அப்படின்றீங்க. உருவாக்குங்களேன், யாரு வேணாம்னா. லண்டன்ல 2013ல ரெண்டு காமெடி ஆர்ட்டிஸ்ட்டுங்க பழைய சர்ச் ஒண்ணுல 'சண்டே அசெம்ப்ளி'ன்னு ஆரம்பிச்சாங்க, சாமி கெடையாது, பாட்டு உண்டு, பேச்சு உண்டு, டீ கேக் உண்டு. வேகமா பல ஊருக்கு பரவுச்சு, அப்புறம் நெறைய எடத்துல மூடிட்டாங்க. நாற்காலி யாரு போடறது, டீ யாரு போடறது, அங்கதான் எல்லா மாற்றும் படுக்குது. நம்ம வாசகர் வட்டத்துக்கும் நான் வந்தேன், ஞாயித்துக்கெழம முழுக்க நாலு ஆம்பளைங்க பேசினாங்க, நான் டீ ஊத்தினேன். கோயில்லயும் ஊத்தறதுதான், ஆனா அங்க கூட நின்னு ஊத்த இன்னும் பத்து பொம்பளைங்க இருக்காங்க.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்கிட்ட முழு பதில் இல்ல, சாதி. விழுப்புரம் மேல்பாதியில தலித் மக்கள உள்ள விடமாட்டேன்னு சண்டையாகி 2023ல திரௌபதி அம்மன் கோயிலுக்கு சீல் வெச்சாங்களே, அந்த மாதிரி எடத்து வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். எங்க தெரு கூழ் அண்டா முன்னாடி யாரு எந்த சாதின்னு கேக்கறது இல்ல. அண்டாவுக்கு பின்னாடி, நிர்வாகத்துல கேக்கறாங்களான்னு நீங்க கேட்டா, அதுக்கு நான் என்ன சொல்ல. அப்புறம் போன வருஷம் வெளக்கு பூஜைக்கு நடுவுல யாரோ காவித்துண்டு போட்டு மைக் புடிச்சு அரசியல் பேச ஆரம்பிச்சதும் எழுந்து வந்தேன், என் பின்னாடியே ரெண்டு ஆயாவும் எழுந்து வந்தாங்க, அந்த போட்டோவ யாரும் எடுக்கல.

ரொம்ப பத்திக்குது எனக்கு. ஏன்னா என்னைய கேள்வி கேக்கறவங்க எல்லாரும் ஆம்பளைங்க. எங்க வூட்டுக்காரரும் பகுத்தறிவாளர்தான், கோயில் பக்கம் தல வெச்சு படுக்க மாட்டாரு, சோபாவுல உக்காந்து டெஸ்ட் மேட்ச் பாப்பாரு, சுத்தமான கொள்கை. வளைகாப்பு, மஞ்சத்தண்ணி, கருமாதி, மொய் கவர் எல்லாம் நான். அவரு பைக்ல விழுந்தப்ப தூக்கி ஆட்டோவுல போட்டது கோயில் வாசல்ல பந்தல் கட்டற பசங்க, அப்ப மட்டும் கொள்கை ஒண்ணும் குறுக்க வரல.

உங்க வூட்லயும் அம்மாவோ மனைவியோ வெள்ளிக்கிழம எங்கயோ போயிட்டு தூக்குல பொங்கல் கொண்டு வருவாங்க இல்ல, அத சாப்டீங்களா, தூக்கி போட்டீங்களா? கமெண்ட்ல அத மட்டும் சொல்லுங்க.