லூதர் யாக்கோபு நிருபத்தை நீக்கவில்லை

இந்த விவாதத்தில் ஒரு சகோதரர், “பவுலுக்கு விசுவாசம் மட்டும் போதும், கீழ்ப்படிதல் தேவையில்லை, யாக்கோபு அதை மறுத்ததால்தான் லூதர் அந்த நிருபத்தைப் பைபிளிலிருந்தே எடுத்துவிட்டார்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் இருக்கிறது. எபிரெயர், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றோடு அதைக் கடைசிக்குத் தள்ளினார், முன்னுரையில் “வைக்கோல் நிருபம்” என்று கடுமையாகவும் சொன்னார். ஆனால் நீக்கவில்லை. 1534இல் வந்த முழு பைபிளிலும் அது உண்டு.

அப்புறம், அப்போஸ்தலர் பவுல். ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6ஐ ரோமர் 4இல் அவர் எடுக்கிறார். உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் வருவது ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் 99ஆம் வயதில். நீதி அதற்குப் பல வருஷம் முன்பே எண்ணப்பட்டாயிற்று, ஆகவே அது கிரியைக்கு, அதாவது செய்த செயலுக்கு, கிடைத்த கூலி அல்ல என்பதே அவர் வாதம். யாக்கோபும் (2:23) இதே வசனத்தைத்தான் எடுக்கிறார்! ஆனால் அவர் பார்ப்பது ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை: மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மோரியா மலையில் அடுக்கிய விறகை. விசுவாசம் அங்கே செயலில் நிறைவடைந்தது என்கிறார். ஒருவர் நீதியின் தொடக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் அது உயிரோடிருப்பதன் அடையாளத்தை. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

கீழ்ப்படிதல் வேண்டாம் என்று பவுல் நினைத்திருந்தால், ரோமர் நிருபத்தின் தொடக்கத்திலும் (1:5) முடிவிலும் (16:26) விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் சேர்த்தே எழுதியிருப்பாரா? 6ஆம் அதிகாரத்தையும் தயவுசெய்து ஒருமுறை முழுசாகப் படியுங்கள்; கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்று கேட்டு, “கூடாதே” என்று பதில் சொல்பவரே பவுல்தான்.