முந்தி எப்படி இருந்தது?

போன கிழமை வன்னியில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஒரு கூட்டம். மணல் ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம், கிணற்றுக்காரர் நாங்கள் மறுபக்கம், நடுவில் ஓர் அதிகாரி. "தண்ணி சவர்க்குது ஐயா, மட்டமும் இறங்கிப்போச்சு" என்று ஓர் அம்மா சொன்னா. அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "முந்தி எப்பிடி இருந்தது எண்டு எழுத்தில ஏதும் இருக்கோ அம்மா?"

ஒருவரிடமும் இல்லை. பிறகும் ஒரு மணித்தியாலம் கத்தினோம். ஆனால் கூட்டம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது.

அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. (சரி, கொஞ்சம் இருக்கிறது.) கேள்வி நியாயமானது.

நிலக்கரி தோண்டுகிற நாடுகள் இதைப் பட்டுத்தான் படித்தன. நிலக்கரியோடும் அதைச் சுற்றிய பாறையோடும் பைரைற்று என்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனியம் கிடக்கும். மூடிக் கிடக்கும்வரை தொல்லையில்லை. தோண்டி, காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அது பாறையிலுள்ள இரும்பையும் மங்கனீசையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். ஓடை செம்மஞ்சளாகும், மீன் சாகும். சுரங்கத்தைப் பூட்டிப் பல பத்தாண்டு போனாலும் நிற்காது. அதனால் ஒழுங்காகச் செய்கிற இடங்களில் முதல் மண் எடுக்க முன்பே தண்ணீரை அளந்து வைப்பார்கள். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஓடையில் சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். மேலே மாறாமல் கீழே மட்டும் மாறினால் "இது முந்தியும் இப்படித்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வன்னியில் ஏது நிலக்கரி என்று கேட்பீர்கள். நாட்டிலேயே சுரங்கம் இல்லை, நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிப்பது கப்பலில் வருகிறது. இங்கே தோண்டுவது மணல், கிரவல், கருங்கல். அமிலம் வராது. ஆனால் கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மாரியில் ஓடிக் கோடையில் காய்கிறவை. கோடையில் ஆறு மணலுக்குள்தான் இருக்கிறது. மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தினால் கரையிலுள்ள கிணற்று ஊற்றும் சேர்ந்து தாழும். கடலுக்கும் களப்புக்கும் கிட்ட என்றால் உப்பு உள்ளே வரும்.

இதில் எங்களுக்கு இன்னொரு சிக்கல். வன்னித் தண்ணீர் பல இடங்களில் முதலே கல்லுத் தண்ணீர், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் வேறு. அப்போ எது பழையது, எது டிப்பர் வந்த பிறகு வந்தது என்று எதைக் காட்டிப் பிரிப்பது? யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, கண்ணால் கண்டார்கள். அதற்கே 2019இல்தான் உயர் நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. எங்கள் கிணற்றில் ஒன்றும் மிதக்கவில்லை.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ்தான் மணலுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். அனுமதி கொடுக்க முன்னர், தோண்டுகிறவரின் செலவில், ஊர்க்காரர் நிற்கக் கரைக் கிணறுகளை அளந்து ஒரு பிரதியைக் கிராம சேவையாளரிடம் வைக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. மணலே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வீடு கட்டினவன்தான்.

அதுவரை ஒரு கொப்பி போதும். கயிற்றில் முடிச்சுப் போட்டு, கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று மாதம் ஒருமுறை, விடிய மோட்டார் போட முதல், எழுதுங்கள். மின் கடத்துதிறன் பார்க்கும் பேனை போன்ற சின்ன மீற்றர் ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். உப்புக் கூடினால் அந்த எண்ணும் கூடும்.

அப்புறம் ஒரு உதவி. மீள்குடியேறின நேரம் தொண்டு நிறுவனங்கள் கிணறு இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் போட்டன. சில வீடுகளில் தண்ணீரைப் பரிசோதித்துத் தாளும் கொடுத்தார்கள். யாருடைய அலுமாரியிலாவது அந்தத் தாள் கிடந்தால், கரையான் தின்ன முதல் படமெடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு வேண்டும்.