எடிட்டிங் மென்பொருள் நாளைக்கு யார் கையில்?

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கலியாணம், சாமத்திய வீடு, வற்றாப்பளைப் பொங்கல் என்று வீடியோ செய்து பிழைக்கிற பிள்ளைகளின் நிலையை நினைத்தால் வயிறு எரிகிறது. வீடியோ எடிட் செய்கிற வேகாஸ் மென்பொருளையே பாருங்கள். சோனிக் ஃபவுண்ட்ரி 1999இல் வெளியிட்டது, 2003இல் சோனியிடம் போனது, 2016இல் மேஜிக்ஸிடம். அதிலேயே தொழில் பழகியவனை யார் கேட்டார்கள்? ஆப்பிள் 2011இல் தன் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட்டைப் புதிதாக எழுதி வெளியிட்டபோது பழைய புரொஜெக்டுகளை, அதாவது முன்பு எடிட் செய்து வைத்த வேலைகளை, அது திறக்கவே இல்லை.

முடித்த வீடியோ எங்கேயும் ஓடும், சரி. புரொஜெக்ட் ஃபைல் அப்படியில்லை. அந்த மென்பொருள் போனால் வெட்டு, நிறம், எழுத்து, பாட்டு எல்லாம் சேர்ந்து போகும். பிறகு கனடாவிலிருந்து “தம்பி, அப்பம்மா வாற இடத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்கோ” என்று கேட்டால் என்ன செய்வது? 2009இல் அல்பங்களையும் கசெட்டுகளையும் விட்டுவிட்டு ஓடிய சனம் இது. இருக்கிற வீடியோவை உயிராக வைத்திருக்கிறார்கள்.

மென்பொருள் கம்பனிகள் விற்கிறதென்றால் விற்கட்டும், மூடுகிறதென்றால் மூடட்டும். அதற்கு முன் பழைய புரொஜெக்டுகளை வேறு மென்பொருளில் முழுதாகத் திறக்க ஒரு வழி செய்து கொடுக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் அது அநியாயம்.