ஜெல்லிமீன்கள் நீரோட்டத்தின் கைப்பாவைகள் அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் புளூபாட்டில்கள் (காற்றுப்பையுடன் மிதக்கும், ஜெல்லிமீன் போன்ற நீலக் கடலுயிர்கள்) ஒதுங்கும்போதெல்லாம், “ஜெல்லிமீனுக்கு நீந்தத் தெரியாது, இக்கரையோரம் ஓடும் அகுல்லாஸ் நீரோட்டம் கொண்டுவந்து கொட்டுகிறது, கடல் செத்துக்கொண்டிருக்கிறது” என்ற செய்தி நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இது தவறு.

முதலாவதாக, புளூபாட்டில் உண்மையான ஜெல்லிமீனே அன்று. பல சிற்றுயிர்கள் ஒன்றாய் இணைந்து வாழும் கூட்டுயிரி. அதற்கு நீந்த இயலாது என்பது மெய்தான். ஆயினும் அதன் காற்றுப்பை பாய்மரம் போல் செயல்படுவதால், அதைக் கரைசேர்ப்பதில் கடலிலிருந்து வீசும் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. பாய் இடப்பக்கம் சாய்ந்தவையும் வலப்பக்கம் சாய்ந்தவையும் இருப்பதால், ஒரே காற்று அவற்றை வெவ்வேறு திசைகளில் செலுத்துகிறது.

உண்மையான ஜெல்லிமீன்களோ குடை போன்ற உடலைச் சுருக்கி விரித்து நீந்துகின்றன. பிரான்சின் அட்லாண்டிக் கரையோரம் ‘பீப்பாய் ஜெல்லிமீன்’ என்னும் இனத்தின் 18 உயிரிகளில் உணர்கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவை நீரோட்டத்தின் திசையை உணர்ந்து அதை எதிர்த்து நீந்துவதைக் காட்டியது. கூட்டம் சிதறாமலும் கரை ஒதுங்காமலும் நீடிக்க இந்த நடத்தை உதவுகிறது. மேலும், பல இனங்கள் இரவில் மேலெழுந்து பகலில் ஆழம் செல்கின்றன. ஆழத்துக்கு ஆழம் நீரோட்டம் மாறுவதால், அவை போய்ச்சேரும் இடமும் மாறுகிறது.

கடல்நலம் குறித்த கவலை நியாயமானதே. நமீபியாவை ஒட்டிய பெங்குவேலா நீரோட்டப் பகுதியில் மத்தி மீன்வளம் மிகைப்பிடிப்பால் சரிந்த பின், ஜெல்லிமீன்களின் எடை 1.22 கோடி டன், மீன்களின் எடை 36 லட்சம் டன் என 2006இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அது பல்லாண்டு மாற்றம். டர்பனில் ஒருநாள் ஒதுங்கிய புளூபாட்டில்களைக் கொண்டு கடல் செத்துக்கொண்டிருக்கிறது என முடிவுகட்ட இயலாது.